மிஸியிடம் கேளுங்கள்: புத்தர் சொன்ன தாதியும் மருந்தேற்றும் நாட்களும்

அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் புற்றுநோய் வாட்டுகளில் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சைவக்காரி, இங்கே சொல்லும் பௌத்த விஷயமெல்லாம் சிங்கள மிஸிமாரிடம் கற்றது. முதலில் ஒன்று: புற்றுநோய்க்குக் கீமோ மருந்தேற்றிய பிறகு காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

களுவாஞ்சிக்குடி வாசகி: அம்மாவுக்கு மார்புப் புற்று. மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அது பௌத்த முறையாமே. நாங்கள் மாமாங்கம் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள், பிழையில்லையா மிஸி?

ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. மூக்கு நுனியில் மூச்சு போய் வருவதைப் பார்க்கட்டும். அடக்க வேண்டாம். மனம் ஓடினால் திட்டாமல் கூட்டி வரட்டும். பௌத்த நூல்களின் மொழியான பாளியில் இது ஆனாபானசதி. கட்டி இதனால் கரையாது. ஊசி ஏறும் நேரத்துப் பயம் கொஞ்சம் இறங்கும். 'நமசிவாய' சொல்லிக்கொண்டே செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தாதிய மாணவி: பௌத்தத் தாதிமை என்றால் பிரித் (காவலுக்கு ஓதும் பௌத்த வரிகள்) ஓதுவதா?

இல்லை மகள். பிக்குகளின் ஒழுக்க நூலான விநயத்தில், மகாவக்கம் என்ற பகுதியில், வயிற்றோட்டத்தில் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் கழுவித் தூக்கிப் படுக்க வைக்கிறார்கள். 'எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்' என்று புத்தர் சொன்னது அங்கேதான். நல்ல தாதிக்கு ஐந்து குணமும் சொல்கிறார். மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். ஒத்துவருவது எது, வராதது எது என்று தெரிய வேண்டும். லாபத்துக்காக இல்லாமல் அன்பால் செய்ய வேண்டும். மலம், சிறுநீர், சத்தி (வாந்தி) எதையும் அருவருக்கக் கூடாது. வேளையறிந்து தம்மம், அதாவது புத்தரின் போதனை, பேசி மனம் தேற்ற வேண்டும். பேச்சு கடைசியில்தான் வருகிறது, கவனியுங்கள். சத்திக் கோப்பையைத் தொடாமல் தம்மம் பேச மட்டும் வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கல்முனை வாசகர்: புற்றுக்கு அன்னமுன்னா (சீத்தா வகை மரம்) இலை அவித்துக் குடிக்கலாமா?

டாக்டரிடம் சொல்லாமல் எதுவும் வேண்டாம்.

திருக்கோவில் வாசகர்: நோய் வினைப்பயன் என்று புத்தரே சொன்னாரே?

சொல்லவில்லை தம்பி. அனுபவிப்பதெல்லாம் முன்வினைதான் என்பது பிழை என்று சீவக சூத்திரம் என்ற போதனையில் சொல்கிறார். நோவுக்கு அவர் சொல்வது: பித்தம், சளி, வாயு, மூன்றும் சேர்ந்தது, பருவ மாற்றம், கவனயீனம், தாக்குதல், கடைசியாக வினை. ஆக எட்டுக் காரணம்.

அதே வாசகர்: எட்டில் வினையும் இருக்கிறதே!

இருக்கிறது. எது எவருக்கு என்று நீங்கள் எப்படிக் கண்டீர்கள்? மார்பை எடுத்த பெண்ணிடம் மாமியார் 'என்ன பாவம் செய்தாயோ' என்றதை வாட்டில் நின்று கேட்டவள் நான். இரண்டு நாள் அவள் சோறு தொடவில்லை. புத்தரின் இன்னொரு போதனையான சல்ல சூத்திரத்தில் இரண்டு அம்பு வருகிறது: ஒன்று உடம்பு வலி, மற்றது அந்த வலியை வைத்து மனம் படும் பாடு. முதல் அம்புக்கு டாக்டர் இருக்கிறார். இரண்டாவதை வீட்டார்தான் எய்கிறார்கள்.

அதே வாசகர்: பொதுவாகத்தானே கேட்டேன்!

கட்டிலில் கிடப்பவளுக்கு அது தன்னைச் சொன்னதாகத்தான் விழும். இதை இத்தோடு விடுவோம்.

அம்பாறை வாசகி: அக்கா, பிரித் ஓதிய நூலை அம்மாவின் கையில் கட்டலாமா?

கட்டலாம். அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். மற்றக் கையில், தளர்வாக.

வாழைச்சேனை வாசகர்: அன்னமுன்னா இலை...

மேலே பாருங்கள்.

ஏறாவூர் வாசகி: இலையைப் பொடியாக்கினால்?

பொடியும் இலைதான். அந்தக் காசுக்கு ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். 38, மறக்க வேண்டாம்.