எட்டு மணி நேரம் மட்டும் பார்த்த குவாதலூப்புக்கு மறுபடி போவது எப்படி?

கப்பலில் போனபோது எட்டு மணி நேரம் இறங்கிப் பார்த்த கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்த முறை ஒரு வாரம் தங்க வேண்டும், எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். துறைமுகக் கடைத்தெருவும் ஒரு கடற்கரையும் பார்த்துவிட்டுக் கப்பலேறியிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான். என் அம்மாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அதனால் முதலில் விசா. உங்களோடு இந்தியப் பாஸ்போர்ட்காரர் யாராவது வந்தால், பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான சாதாரண ஷெங்கன் விசா போதாது. குவாதலூப் பிரான்சின் ஒரு பகுதிதான், செலவுக்கு யூரோதான். ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்குச் செல்லும் என்று குறிப்பிட்டுத் தரும் விசா வேண்டும். "ஷெங்கன் இருக்கே, கவலைப்படாதீங்க" என்று எங்கள் பயண முகவர் சொன்னதை நம்பினோம். அங்கே அம்மாவை இறங்க விடவில்லை. பெற்றவளை விட்டுவிட்டு நீ மட்டும் எப்படி இறங்கினாய் என்று கேட்பீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ என்று அவர்தான் பிடிவாதமாக அனுப்பினார். மாலையில் திரும்பி வந்தபோது மேல்தளத்தில் கரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்குக் காரைக்கால் பக்கம். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் குவாதலூப்புக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1889 வரை ஏறக்குறைய 42,000 இந்தியர்களைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள். அம்மா பார்க்க ஆசைப்பட்டது அவர்கள் போய்ச் சேர்ந்த அந்த ஊரைத்தான்.

இரண்டு வருடம் கழித்து, சரியான விசாவோடு, விமானத்தில் போனோம். புவாந்த்-அ-பித்ர் நகரில் தங்காமல் காப்ஸ்தேர் என்ற ஊர்ப் பக்கம் வீடு எடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஷான்ஷி மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. வாடகைக் கார் கட்டாயம், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம், தவிர்த்துவிடுங்கள்.

நாங்கள் போன ஞாயிறன்று பூசை நடந்தது. ஒரு பெரியவர் நோட்டைப் பார்த்துப் பாடினார். நோட்டில் இருந்தது பிரெஞ்சு எழுத்து, பாட்டு தமிழ். உச்சரிப்பு தேய்ந்து போயிருந்தது. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அம்மா கூடவே பாடினார். முடிந்ததும் அந்தப் பெரியவர் அம்மாவிடம் வந்து, ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு நோட்டில் திருத்திக்கொண்டார்.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதற்கு, "தமிழே பேசத் தெரியாதவங்க எப்படித் தமிழர்?" என்று ஒரு உறவினர் எழுதினார். அது இன்னும் மனதில் குத்துகிறது. என் மகனின் மழலைத் தமிழைக் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு பையன் ஊரில் வாயே திறப்பதில்லை. ஐந்தாறு தலைமுறையாக அர்த்தம் தெரியாமலே பாட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களை எடைபோட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதே காப்ஸ்தேர்க்காரரான ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரின் பிரெஞ்சுக் குடியுரிமைக்காக 1923 வரை வழக்காடி வென்றவர்.

அப்புறம், கொலொம்போ என்று ஒரு ஆட்டுக்கறிக் குழம்பு கிடைக்கும். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் அரைத்த பொடியில் செய்வது. பூசைக்குப் போவதாக இருந்தால் அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரதம் இருந்து வருபவர்கள் அங்கே உண்டு. கர்பே அருவியும் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.