வாசகர் கேள்வி பதில்: பிள்ளைக்கு எடுக்கும் முதல் கார்

மகனுக்குப் போன மாதம்தான் 18 முடிந்தது. இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறான். கூடப் படிக்கிற பையனிடம் இருக்கிற மாதிரி டர்போ இன்ஜின் எஸ்.யு.வி.தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விலை 14 லட்சம். 4 லட்சம் கையில் இருக்கிறது, மீதிக்கு லோன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். ஒரே பிள்ளை, மனசு கோணக் கூடாது என்றும் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

வேண்டாம் அம்மா. கார் கொடுப்பது தப்பில்லை. இந்தக் கார்தான் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 14 லட்சம் என்பது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதுவே 2,52,000 ரூபாய். இன்சூரன்ஸ் தனி. ஆக, கையில் இருக்கிற 4 லட்சத்தில் பெரும்பகுதி வண்டிக்குப் போகாமல் வரிக்கும் பாலிசிக்குமே போய்விடும். 10 லட்சம் லோன் என்று வைத்தாலும் 9 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்கு மாதம் 16,100 ரூபாய் பக்கம் வரும். வட்டி மட்டும் மூன்றரை லட்சம். படிப்பு முடிந்த பிறகும் 3 வருஷம் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அதற்கிடையில் வண்டியின் மதிப்பு பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

பணத்தைவிட எங்களுக்குக் கவலை அந்த இன்ஜின்தான். சாதாரண 1 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 67 குதிரைத்திறன் அளவில் இருக்கும். அதே 1 லிட்டரில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ வைத்தால் 100-லிருந்து 120 வரை. டர்போவின் இழுவை ஒரே சீராக வராது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, இன்ஜின் வேகம் 1,800, 2,000 சுற்றைத் தாண்டும்போது சட்டென்று பிடித்துத் தள்ளும். பழகியவருக்கு அது சுகம். கால் பழகாத பிள்ளை, முதல் கணத்தில் இழுக்கவில்லையே என்று இன்னும் அழுத்திவிடுவான். நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலில் முன்னால் நிற்கிற ஆட்டோவுக்கும் இவனுக்கும் நடுவே ஆறடி இடம்கூட இருக்காது.

பழகுகிற வருஷத்தில் வண்டி அடிபடத்தான் செய்யும். அரை கிளட்ச்சிலேயே கால் வைத்து ஓட்டி கிளட்ச் பிளேட் தேயும், கேட் தூணில் பம்பர் உரசும், முக்கு திரும்பும்போது பின்கதவு கோடு வாங்கும். சின்னக் காரில் கிளட்ச் செட் மாற்றக் கூலியோடு 10,000 ரூபாய் பக்கம்தான் ஆகும். எஸ்.யு.வி.யில் எல்.இ.டி. ஹெட்லைட் ஒன்று உடைந்தாலே அதைவிடப் பல மடங்கு.

5 லட்சம் ஒதுக்கி, 3 முதல் 5 வருஷம் ஓடிய சின்னப் பெட்ரோல் கார் ஒன்று பாருங்கள். 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரானதாக இருக்கட்டும். அந்தத் தேதியிலிருந்துதான் ஓட்டுநர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கூவுகிற வேக எச்சரிக்கை எல்லாம் கட்டாயம் ஆயின. பதறி மிதித்தாலும் சக்கரம் இறுகிவிடாமல் காக்கிற ஏ.பி.எஸ். பிரேக் அதே வருஷம் ஏப்ரலிலேயே கட்டாயம் ஆகிவிட்டது. முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் வேண்டும் என்றால் 2022 ஜனவரியிலோ அதற்குப் பிறகோ தயாரானதைப் பாருங்கள். தயாரான மாதமும் வருஷமும் ஆர்.சி. புக்கிலேயே இருக்கும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020-ல் டாடா டியாகோ 4 நட்சத்திரமும் ஆல்ட்ராஸ் 5 நட்சத்திரமும் வாங்கின. அடுத்த வருஷம் பஞ்ச் 5 வாங்கியது. இந்த மாதிரி வண்டிக்கு நாலு புது டயர் போட்டு, நல்ல இன்சூரன்ஸும் எடுத்துக் கொடுத்தால், அவன் ஆசைப்படுகிற காரைவிடப் பயமில்லாமல் அனுப்பலாம்.

மனசு கோணும் என்கிறீர்களே, அதுவும் உண்மைதான். மகனை உட்காரவைத்து மேலே சொன்ன கணக்கை அவன் கையாலேயே ஒரு தாளில் போட வையுங்கள். வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் பட்டறையில் காட்டுவதிலும் அவனே முன்னால் நிற்கட்டும். பெட்ரோலுக்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் வருஷம் இரவு 9 மணிக்கு மேல் நாற்கரச் சாலை வேண்டாம், கூட்டாளிகளை ஏற்றினால் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். இந்த இரண்டையும் சாவி கொடுக்கிற அன்றைக்கே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் சண்டையாகும்.

நீங்கள் சொல்கிற மாதிரிப் பழைய கார்தான் பார்க்கிறேன். டி.என்.72 வண்டி, சிங்கிள் ஓனர், 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சந்தை விலையைவிட ஒன்றரை லட்சம் குறைத்துச் சொல்கிறார்கள். என் பொண்ணுக்கு எடுக்கலாமா?
– ஒரு தகப்பனார், அம்பாசமுத்திரம்

அந்த ஒன்றரை லட்சம் ஏன் குறைகிறது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளத்தில் நம் திருநெல்வேலி மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் ஏராளமான கார்கள் முங்கின. முங்கிய வண்டியைக் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனைத் திரவம் அடித்து நிறுத்தினால் மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

பகல் வெளிச்சத்தில் போங்கள். முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். தினமும் வெளியே வருகிற பாகம் சுத்தமாக இருக்கும். உருளைக்குள் சுருண்டு கிடக்கிற கடைசி முழத்தில் வண்டல் ஏறிய கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது என்று அர்த்தம். புது பெல்ட்டாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அடுத்து ஓட்டுநர் காலடியில் உள்ள கார்ப்பெட்டை ஓரத்தில் தூக்கி அடியில் இருக்கிற பஞ்சைக் கையால் அமுக்கிப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகள், ஸ்டெப்னி கிடக்கிற பள்ளம், பியூஸ் பெட்டியின் மூலை, இங்கெல்லாம் துருவோ மண்பொடியோ இருக்கக் கூடாது. ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

முங்கிய வண்டி இன்றைக்கு நன்றாகவே ஓடும். வயரிங் இணைப்புகளுக்குள் போன ஈரம் செம்பைப் பச்சை பிடிக்க வைக்க மாதக்கணக்காகும். ஆறு மாதம் கழித்து பவர் விண்டோ நிற்கும், பிறகு ஏ.பி.எஸ். விளக்கு எரியும். ஏர்பேக் யூனிட் கெட்டிருந்தால் மோதும் நேரத்தில் விரியாமலே போகும். பிள்ளைக்கு எடுக்கிற வண்டியில் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள். 2024 ஜனவரி, பிப்ரவரியில் என்ன வேலை நடந்தது என்று தனியாகப் பாருங்கள். 28,000 கிலோமீட்டர் உண்மையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. 5 வருஷம் தாண்டிய டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. அதற்கான காசை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பேப்பர் விஷயத்தில், பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். லோன் வண்டி என்றால் பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்.சி.யில் லோன் குறிப்பை நீக்குகிற படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பையனுக்கு 17 நடக்கிறது. வீட்டிலிருந்து தோட்டத்துக்கு 3 கிலோமீட்டர்தான், போலீஸும் கிடையாது. ஓட்டிப் பழகட்டுமே?
– ஒரு வாசகர், நாங்குநேரி

தோட்டத்துக்குள் பழகட்டும். வேலிக்கு வெளியே வரக் கூடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் ஓட்டி ஏதேனும் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கிடைக்காது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் அதை உங்களிடமே திருப்பி வசூலிக்க முடியும். நிலமும் வீடும் போகிற அளவுக்கு அந்தத் தொகை வரலாம். 18 முடிந்த மறுநாளே எல்.எல்.ஆர். போட்டால் 30 நாளில் டெஸ்டுக்குப் போகலாம். கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் யார் பேரில் இருக்க வேண்டும்? பையன் தன் பேரில்தான் வேண்டும் என்கிறான்.
– ஒரு வாசகி, ஆலங்குளம்

அவன் சம்பாதிக்கிற வரைக்கும் அப்பா பேரில் இருக்கட்டும். லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். ஒரே ஒரு ஓட்டை உண்டு. பாலிசியோடு வருகிற 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு பதிவு பெற்ற உரிமையாளருக்குத்தான். ஓட்டுகிற மகனுக்கு அது வராது. அவன் பேரில் தனி விபத்து பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள், பிரீமியம் பெரிதாக இருக்காது.

பழகுகிற பிள்ளை ஓட்டுகிற வண்டிக்கு பாலிசியில் ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத காப்பு) கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கிளைம் போட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். பம்பர் பிளாஸ்டிக்தானே! சின்னக் கீறலுக்குக் கிளைம் போடாதீர்கள், கிளைம் போடாதவர்களுக்கு அடுத்த வருஷ பிரீமியத்தில் கிடைக்கிற போனஸ் போய்விடும். பழைய வண்டி வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். ஆர்.சி. மாறியதும் இதை மறந்துவிட்டுப் பிறகு சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வராமல் தவிக்கிறவர்கள் உண்டு.

மகள் டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நாகர்கோவிலில் காலேஜ். நாற்கரச் சாலையில் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. எப்படிப் பழக்குவது?
– பெற்றோர், வள்ளியூர்

உங்கள் பயம் நியாயமானது. எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடும். லாரியை முந்துவதை அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. நன்றாக ஓட்டுகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, குறைந்தது 1,000 கிலோமீட்டராவது ஓட்ட வையுங்கள்.

முதல் வாரம் காலை 6 மணிக்கு ஊர்ச் சாலைகளில் பைய ஓட்டட்டும். ஆடு, மாடு, முக்கு, வேகத்தடை, பிரேக்கைப் பதறாமல் மிதிப்பது, இவ்வளவுதான் அந்த வாரப் பாடம். அடுத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுப்பது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, கிளட்ச்சை வண்டி லேசாக அதிர்கிற இடம் வரை விட்டு, பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். ஒரு விரல்கூடப் பின்னால் உருளாமல் பத்து முறை எடுத்துக்காட்டட்டும்.

நாற்கரச் சாலையில் ஏறியதும் முன் வண்டியோடு 3 நொடி இடைவெளி. முன் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதிலிருந்து எண்ணத் தொடங்கி, மூன்று எண்ணுமுன் நம் வண்டி அங்கே போய்விட்டால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். காய்ந்த ரோட்டில் 60-ல் போகிற கார், சுதாரிக்கிற ஒரு நொடியையும் சேர்த்து நிற்க 37 மீட்டர் பக்கம் ஆகும். 80-ல் 57 மீட்டர். 100-ல் 83 மீட்டர். ஈர ரோட்டில் இன்னும் கூடும். மீடியன் இடைவெளிகளில் எதிர்த்திசையில் வருகிற பைக்குகள் உண்டு, அங்கே காலை பிரேக் மேல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

உங்கள் வழியில் இன்னொன்றும் இருக்கிறது. காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பக்கவாட்டில் அடிக்கும். லாரியை முந்தும்போது அது காற்றை மறைக்கும். லாரியைத் தாண்டிய அந்தக் கணத்தில் காற்று மொத்தமாக வண்டியைத் தள்ளும். பதறி ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி அலையும். அந்த இடத்தில் 60-க்குக் குறைத்து, இரு கையாலும் பிடித்து, லாரிக்குப் பக்கவாட்டில் கூடுதலாக இடம் விட்டு முந்த வேண்டும். ஆடி மாதத்தில் ஒருநாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தை நாலு முறை ஓட்ட வையுங்கள். மழையில் ஒருநாள், இருட்டிய பிறகு ஒருநாள் அதே வழியில் போய் வாருங்கள். அதற்குப் பிறகு தனியாக அனுப்பலாம்.

டீசலா, பெட்ரோலா?
– ஒரு மாணவர், செங்கோட்டை

காலேஜுக்குப் போய்வர மட்டும் என்றால் பெட்ரோல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேர்ந்த கரி எரிய வண்டி 20, 30 நிமிஷம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். தினம் 5 கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் கரி அடைத்து விளக்கு எரியும், மாற்றினால் பெரிய செலவு. உங்கள் பக்கம் கே.எல். வண்டி மலிவாகக் கிடைக்கும். அதை எடுத்தால் கேரள ஆர்.டி.ஓ. ஆபீஸின் என்.ஓ.சி.யும் இங்கே கட்ட வேண்டிய வரியும் உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.