வர்ஜீனியா பல்கலைக்கழகம் எந்த லட்சியத்தோடு தொடங்கப்பட்டது?

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் 1819-இல் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகம், அன்றைய மற்ற கல்லூரிகளிலிருந்து வேறுபட்ட லட்சியத்தோடு தொடங்கப்பட்டது. கட்டடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அன்றைய அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் திருச்சபைகளின் பிடியில் இருந்தன. ஜெபர்சனோ வளாகத்தின் தலைமாட்டில் தேவாலயம் கட்டாமல் நூலகத்தைக் கட்டினார். ரோமிலுள்ள பழங்காலக் கோயிலான பாந்தியனை முன்மாதிரியாக வைத்து அவரே வரைந்த வட்டக் கட்டடம் அது. இறையியலுக்கென்று பேராசிரியரே கிடையாது. முன்னால் நீண்ட புல்வெளி, இருபுறமும் ஐந்தைந்தாக மொத்தம் பத்து வீடுகள். கீழே வகுப்பறை, மாடியில் பேராசிரியர் குடும்பம், இடையிடையே மாணவர் அறைகள். ஆசிரியரும் மாணவரும் ஒரே ஊராக வாழ வேண்டும் என்பது அவர் எண்ணம். 1825-இல் வகுப்புகள் தொடங்கியபோது, எதைப் படிப்பது என்பதை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

தன் கல்லறையில் ஜனாதிபதி பதவியைக்கூடக் குறிப்பிடாமல், இப்பல்கலைக்கழகத்தின் தந்தை என்று பொறிக்கச் சொன்னவர் ஜெபர்சன்.

ஆனால் அங்கே செங்கல் சுட்டு, சுமந்து, கட்டியவர்களில் பெரும்பகுதியினர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அவர் பேசிய அறிவுச் சுதந்திரம் வெள்ளை ஆண்களோடு நின்றுவிட்டது. முதல் கறுப்பின மாணவரான கிரிகரி ஸ்வான்சன் சேர்ந்தது 1950-இல், அதுவும் நீதிமன்றம் போய்த்தான்.