ஏறாத மலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஜனவரியில் நியூசிலாந்தின் வடக்குத் தீவில், முதுகுப்பையுடன் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, டோங்காரிரோ எரிமலைப் பாதையை ஒரே நாளில் நடந்து கடந்தேன். புறப்படும்போது வானம் தெளிவாக இருந்தது. மேட்டில் ஏறியதும் மேகம் இறங்கிவிட்டது. சுவரொட்டிகளில் பார்த்த பச்சை ஏரிகள் ஐந்து நிமிடம் மங்கலாகத் தெரிந்தன, அவ்வளவுதான். எரிமலைக்குப் போய்க் கருங்கல்லையும் கந்தக வாடையையும் மட்டும் கண்டு திரும்பினேன் என்று தோன்றுகிறது.

விடுதியில் உடன் தங்கியிருந்த இருவர் பாதையை விட்டு விலகி ஙாவுருஹோயே சிகரத்தில் ஏறினார்கள். அது அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரிகளுக்குப் புனிதமானது, ஏற வேண்டாம் என்ற வேண்டுகோளைப் படித்ததால் நான் ஏறவில்லை. "கடவுள் நம்பிக்கை இல்லாத உனக்கு மலை மட்டும் எப்படிப் புனிதம்?" என்று அன்றிரவு கேலி செய்தார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் ஏறாமல் வந்தது மரியாதையினாலா, வெறும் தயக்கத்தினாலா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

முதலில் ஙாவுருஹோயே என்ற பெயரை நீங்கள் சரியாக எழுதியதற்கு நன்றி. நம் அரிச்சுவடியில் பெரும்பாலும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'ங'வுக்கு மாவோரி மொழி சொல்லின் முதலிலேயே இடம் கொடுக்கிறது. ஆங்கிலேயர் நாக்குக்குப் பிடிபடாத அந்த ஒலி நமக்கு எளிதாக வருகிறது.

நான் அப்பாதையில் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை சோடா ஊற்றைத் தாண்டியதும் காற்று நிற்கவிடவில்லை, திரும்பிவிட்டேன். ஆகவே மேகம் மூடிய உங்கள் நடையை நான் குறைவானதாக எண்ண மாட்டேன். தொலைவுக் காட்சியைத்தான் மேகம் எடுத்துக்கொண்டது. காலடியில் இருந்ததை அது தொடவில்லை. மாங்காடெபோபோ பள்ளத்தாக்கில் நீங்கள் முதல் ஒரு மணி நேரம் நடந்தது ஙாவுருஹோயே வெவ்வேறு காலங்களில் கக்கிய குழம்பு இறுகிய தரையின் ஓரமாக. 1870இல் வழிந்த குழம்பும் 1954இல் வழிந்த குழம்பும் அங்கே ஒரே பள்ளத்தாக்கில் கிடக்கின்றன. பழைய பாறையின்மேல் பாசியும் மரப்பாசியும் படர்ந்து, இடுக்குகளில் புல்லும் குறுஞ்செடிகளும் வேர்விட்டிருக்கும். புதியது இன்னும் கரியாகவே தெரியும். ஒரு கல்லின் வயதை அதன்மேல் என்ன முளைத்திருக்கிறது என்பதைக் கொண்டு ஊகிக்கலாம் என்பதை அங்கேதான் கற்றேன். மேகமூட்டத்தில் அதை இன்னும் நன்றாகவே கற்கலாம், ஏனெனில் பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்காது.

'சாத்தானின் படிக்கட்டு' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் ஏற்றம் முடிந்ததும் வரும் சமதரையைத் தெற்கு எரிமலைவாய் என்கிறார்கள். உண்மையில் அது எரிமலைவாயே அல்ல, சுற்றியுள்ள முகடுகளிலிருந்து அடித்துவரப்பட்ட மண் நிரம்பிய வட்டில். 1,886 மீட்டர் உயரத்தில், பாதையின் உச்சியான சிவப்பு எரிமலைவாயின் நிறம் துருவின் நிறம்: பாறையிலுள்ள இரும்பு, வெப்ப வாயுக்களின் நடுவே ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. அங்கே நீங்கள் கையைத் தரையில் வைத்திருந்தால் சூட்டை உணர்ந்திருப்பீர்கள். அந்த வெப்பநிலத்தின் வழியே கசியும் நீர் கரைத்துக்கொண்டு வரும் தாதுக்கள்தாம் கீழேயுள்ள மரகத ஏரிகளின் பச்சை. இந்த வெப்பத்துக்கெல்லாம் மூலகாரணம் நீர் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. பசிபிக் புவித்தட்டு வடக்குத் தீவின் அடியில் செருகிக்கொண்டு இறங்கும்போது தன்னோடு கடல்நீரையும் கொண்டுசெல்கிறது. ஆழத்தில் அந்நீர் வெளியேறி மேலேயுள்ள பாறையில் கலந்து, அது உருகும் வெப்பநிலையைக் குறைத்துவிடுகிறது. உராய்வினால் பாறை உருகுகிறது என்று பலர் எழுதுவது பிழை.

"கருங்கல்லை மட்டும் கண்டேன்" என்கிறீர்கள். 1897க்குப் பிறகு உறங்கிக்கொண்டிருந்த, டோங்காரிரோவின் டெ மாரி எரிமலைவாய் 2012 ஆகஸ்ட் 6 அன்று நள்ளிரவை ஒட்டி வெடித்தது. பறந்துவந்த கற்கள், நீங்கள் இறங்கிவந்த வடக்குச் சரிவில் இருந்த கெடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. குளிர்கால இரவென்பதால் உள்ளே யாரும் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று பட்டப்பகலில் மீண்டும் வெடித்தபோது பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் பாதையில் இருந்தார்கள்; யாருக்கும் காயமில்லை. பாதை முழுமையாகத் திறக்க 2013 மே வரை ஆயிற்று. கருங்கல்லாகத் தோன்றுவது இடைவேளை மட்டுமே.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

அம்மலைப் பகுதியின் மாவோரிகளான ஙாட்டி டூஃபரெடோவா குலத்தவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் மரபுத்தொடரில் முதலில் வருவது மலை: டோங்காரிரோ எங்கள் மலை, டவுப்போ எங்கள் நீர், டூஃபரெடோவா எங்கள் குலம், டெ ஹெயுஹெயு எங்கள் தலைவர். 1880களில் காலனிய நில நீதிமன்றம் குலத்தின் பொதுநிலங்களைத் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சிகரங்களும் கூறுபோடப்பட்டு ஆட்டுப் பண்ணையாளர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய தலைவர் நான்காம் டெ ஹெயுஹெயு, 1887இல் சிகரங்களை பிரிட்டிஷ் அரசியின் பெயரில் ஒப்படைத்தார். ஹோரோனுக்கு என்பது அவர் பெயர். நிலச்சரிவு என்று பொருள். அவருடைய தந்தை 1846இல் ஒரு நிலச்சரிவில் மாண்டதன் நினைவாக அவர் சூடிக்கொண்ட பெயர் அது. அந்த ஏறத்தாழ 2,600 ஹெக்டேர் நிலம்தான் நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்காவுக்கு வித்து.

இதை 'நன்கொடை' என்றே நூறாண்டுக்கு மேலாக எழுதிவந்தார்கள். ஆனால் மாவோரியில் அதற்குரிய சொல் 'டுக்கு'. டுக்கு என்பது கொடுத்துவிட்டுக் கைகழுவுவது அல்ல. கொடுப்பவரின் உரிமையும் கடமையும் கொடுத்த பொருளோடு தொடர்கின்றன, பெறுபவர் ஓர் உறவுக்குள் வருகிறார். அரசுமீதான மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைடாங்கி தீர்ப்பாயம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, ஹோரோனுக்கு செய்தது ஆங்கிலப் பொருளிலான கொடை அல்ல, அரசைக் கூட்டுக் காவலுக்கு அழைத்த செயல் என்றே கருதியது. அரசு சொத்தாகப் பெற்றுக்கொண்டது. குலத்தார் உறவாக அளித்திருந்தார்கள்.

ஆகவே உங்கள் நண்பர்களின் கேலி தவறான இடத்தில் நிற்கிறது. மலை புனிதமா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே அங்கு இல்லை. சிகரத்தைத் தலைவனின் தலையைப் போல எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்த நிலம் வேலியிட்ட பண்ணையாகாமல் உங்கள் மூவருக்கும் நடக்கக் கிடைத்தது. அதன் பலனை எடுத்துக்கொண்டு, அதைக் காத்தவர்கள் கேட்டுக்கொண்ட ஒன்றை மட்டும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது பகுத்தறிவு ஆகாது. ஏறுவதற்குச் சட்டத்தடை இல்லை என்பதும் உண்மை. தடை இருந்திருந்தால் நீங்கள் செய்தது வெறும் கீழ்ப்படிதலாகியிருக்கும். நண்பர்கள் கூர்மையானவர்களாக இருந்திருந்தால் வேறொன்றைக் கேட்டிருப்பார்கள்: அருகிலுள்ள ருவாபெஹுவும் அதே அளவு புனிதமானதுதானே, அதன் சரிவில் பனிச்சறுக்குக் களங்களும் இழுவை நாற்காலிகளும் எப்படி வந்தன? நியாயமான கேள்வி. அது அரசின் முரண்பாடு. ஆனால் அரசு ஒரு வாக்கை மீறியிருப்பது மற்றவர்களுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது.

தயக்கமா மரியாதையா என்று நீங்கள் இவ்வளவு ஆராய வேண்டியதில்லை. என் கதையைக் கேளுங்கள். இரண்டாம் முறை, தெளிந்த வானத்தின்கீழ் நீல ஏரியை அடைந்ததும், காலையிலிருந்து நடந்த பசியில் கரையிலேயே அமர்ந்து உணவுப் பொட்டலத்தைப் பிரித்தேன். பின்னால் வந்த ஒரு மாவோரித் தம்பதியர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், நெடுந்தூரம் தள்ளிப்போய் அமர்ந்து சாப்பிட்டார்கள். ஆளில்லா இடத்தில் தனிமையை விரும்புகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த ஏரி டாப்பு, அதாவது புனிதமென விலக்கி வைக்கப்பட்டது, அதன் அருகில் உண்பதும் நீரில் கைவைப்பதும் அவமதிப்பு என்பதை அன்று மாலை ஒரு தகவல் பலகையில் படித்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் என்னைக் கடிந்திருந்தால் இத்தனை ஆண்டு நினைவில் இருந்திருக்காது.

மீண்டும் போகும் எண்ணம் இருந்தால் தெளிந்த வானிலைக்காக இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வழியில் குடிநீர் கிடையாது, முழுநாளுக்கும் சுமந்தாக வேண்டும். சிவப்பு எரிமலைவாயிலிருந்து இறங்கும் தளர்சரளையில் குதிகாலை ஊன்றி, கற்களோடு சேர்ந்தே சறுக்கி இறங்குங்கள்; எதிர்த்து நின்றால் விழுவீர்கள். ஏரி கண்ணிலிருந்து மறைந்து பாதை வடக்குச் சரிவில் திரும்பும்வரை பசியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.