அழுதபோது எழுந்து போனவர்

கேள்வி:

எனக்கு 39 வயது. தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் இறந்து எட்டு வருடங்கள் ஆகின்றன, குழந்தை இல்லை. அம்மாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். நூலகத்தில் ஒருவர் பழக்கமானார். அவருக்கு 42 வயது, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, அம்மாவுடன் இருக்கிறார், நண்பர்கள் என்று யாரும் கிடையாது. தனக்கு ஆட்டிசம் இருப்பதாகப் போன வருடம்தான் டாக்டர் சொன்னார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்னைப் பிடித்திருக்கிறது என்றார். எனக்கும் அவரைப் பிடிக்கும். பொய் பேசமாட்டார், சொன்ன நேரத்துக்கு வருவார். தினமும் காலை ஏழு மணிக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஆனால் ‘சாப்பிட்டாயா’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவின் திதியன்று அவர் முன்னால் அழுதுவிட்டேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வந்து, “சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும்” என்றார். எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது. நான்தான் ‘ஒன்றுமில்லை, நீங்கள் கிளம்புங்கள்’ என்றேன். கிளம்பிவிட்டார். இவருக்கு என் மேல் அன்பு இருக்கிறதா, தன் பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தது என்று வருகிறாரா? அண்ணனோ, ‘வியாதிக்காரனைக் கட்டிக்கொண்டு காலம் முழுக்க ஆயா வேலை பார்க்கப் போகிறாயா’ என்கிறார். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கால் மணி நேரம் உங்களுக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. அதில் வந்த வலி நியாயமான வலி. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அண்ணனைக் கேட்டிருக்கிறீர்கள், என்னைக் கேட்கிறீர்கள். பொய் பேசத் தெரியாத மனிதர் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அவரிடம் கேட்டால் உண்மையான பதில் வருமே!

என்ன நடந்திருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் துயரம் உறைக்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. பலருக்கு அது அளவுக்கு மீறி உறைக்கிறது. கண் முன்னே ஒருவர் அழும்போது நெஞ்சு படபடக்கும், வாய் அடைத்துப்போகும், அந்த அறையில் இருக்கவே முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அலெக்ஸிதைமியா என்ற ஒன்றும் சேர்ந்து இருக்கிறது. மனதில் எழுவது பயமா, துக்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்லவே அவர்களுக்கு நேரம் பிடிக்கும். சில சமயம் மறுநாள்தான் தெரியும். எழுந்து போனவர் தன் வீட்டுக்குப் போகவில்லை, கவனித்தீர்களா? உங்கள் சமையலறையில்தான் இருந்திருக்கிறார். உங்கள் அழுகையை நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. ஒழுகும் குழாயை நிறுத்த வழி தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். நான் இப்படித்தான் படிக்கிறேன். சரியா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் இல்லை, அது இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். உங்கள் நண்பருக்கு உங்கள் முகக்குறிப்பு எட்டாதது போலவே உங்களுக்கும் அவருடைய குறிப்பு எட்டவில்லை. மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டெல்டாக்காரர். ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, 120 அடி அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பது உங்கள் ஊரில் வெறும் எண்ணாக இருந்ததில்லை. குறுவை உண்டா இல்லையா என்பதே அதில்தான். அவர் மனம் லயித்துக் கிடக்கும் விஷயம் அது. காலையில் எழுந்ததும் அதை முதலில் உங்களுக்குத்தான் கொடுக்கிறார். எனக்கு இதில் அன்பு தெரிகிறது.

அதற்காக, ‘சாப்பிட்டாயா’ என்று ஒரு குரல் கேட்க மாட்டாதா என்று ஏங்குவது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு வருடங்களாகத் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் ஒருவர் அதற்கு ஏங்கத்தான் செய்வார். அவருக்கு ஆட்டிசம் இருப்பதால் அந்த ஏக்கத்தை நீங்கள் மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்து கேளுங்கள். “ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பிட்டாயா என்று ஒரு வரி அனுப்புங்கள். எனக்கு அது வேண்டும்” என்று சொல்லுங்கள்.

கேட்டு வாங்கினால் அது அன்பாகுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்லாமலே புரிந்துகொள்வதுதான் அன்பு என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்டிசம் என்ற பேச்சே இல்லாத எத்தனையோ வீடுகளில், இருபது வருடங்கள் கூடவே இருந்தும் இது தெரியவில்லையே என்று மனைவி உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார். என்ன தெரியவில்லை என்பதே கணவருக்குத் தெரியாது. கேட்ட பிறகு ஒரு மனிதர் அதை ஞாபகம் வைத்து, மாதக்கணக்கில் தவறாமல் செய்கிறார் என்றால் அது கேட்காமல் கிடைத்ததைவிட எந்த விதத்தில் குறைந்தது?

நாம் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான். திதியன்று நீங்கள் கிளம்பச் சொன்னீர்கள், உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துக் கிளம்பியிருக்கிறார். அடுத்த முறை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நான் அழும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம். தாங்க முடியவில்லை என்றால், கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள்.” இதை நீங்கள் நன்றாக இருக்கும் ஒரு நாளில் சொல்ல வேண்டும், அழும்போது அல்ல. எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. தொடுவதிலும் இதேதான். மெல்லிய வருடல் சிலருக்கு முள்ளாகக் குத்தும். அழுத்தமாகக் கையைப் பிடித்தால் நிம்மதியாக இருக்கும். எது பிடிக்கும் என்று கேட்டுவிடுங்கள், உங்களுக்குப் பிடித்ததையும் சொல்லுங்கள்.

அவரிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களைப் போல நடந்துகொள்ள அவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்று கேளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் யாருடனும் பேசாமல் இருப்பது அவருக்குச் சோறு தண்ணீர் மாதிரி தேவையாக இருக்கலாம். அதை உங்கள் மேல் உள்ள சலிப்பாக எடுத்துக்கொண்டால் இருவருக்கும் கஷ்டம்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டிசம் வியாதி அல்ல. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது 11 குழந்தைகளைப் பற்றித்தான் எழுதினார். குழந்தைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது. நன்றாகப் படித்து, பேசி, வேலைக்குப் போய்விட்ட உங்கள் நண்பரின் தலைமுறை ஆட்களை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. ‘ஒரு மாதிரி’ என்று ஒதுக்கியதோடு சரி. நம் நாட்டில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இது இருக்கிறது. ஆட்டிசம் இருந்தால் கல்யாணம் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் ‘ஆயா வேலை’ என்று அண்ணன் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். சொன்ன விதம் கொடூரம், கேள்வியில் விஷயம் இருக்கிறது. உங்கள் நண்பரின் துணியை யார் துவைக்கிறார்கள்? கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்? எல்லாம் அவருடைய அம்மாதான் என்றால், அந்த அம்மா தன் காலத்துக்குப் பிறகு மகனைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியைத் தேடுகிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் துணையாகப் போக வேண்டும், வாரிசுப் பணியாளாகப் போகக்கூடாது. இதையும் அவரிடமே நேரடியாகப் பேசலாம். எந்த வேலை யாருடையது என்று எழுதி வைத்துக்கொள்வது உங்கள் இருவருக்கும் நன்றாகவே ஒத்துவரும். வாஷர் மாற்றத் தெரிந்தவர் சமைக்கவும் கற்றுக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெளிவாகச் சொன்ன பிறகும் அவர் எதையும் பொருட்படுத்தாவிட்டால், இழிவாகப் பேசினால், உங்கள் சம்பளத்திலோ நட்பிலோ கை வைத்தால், அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும், தனிமையில் இருப்பவர்கள் நிறையப் பொறுத்துக்கொள்வார்கள் என்பதால் சொல்கிறேன். பள்ளியில் சக ஆசிரியைகளோடு சிரித்துப் பேசிய நாளிலும் அவரோடு பேச வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கவனியுங்கள். வீடு காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தோன்றுகிறது என்றால் கொஞ்சம் காத்திருங்கள். உங்கள் தோழிகளை விட்டுவிடாதீர்கள். அவருக்கும் உங்களைத் தவிர ஒருவராவது வேண்டும்.

அவசரம் வேண்டாம். கேட்பது, கொடுப்பது, சொல்லிவிட்டு எழுந்து போவது, திரும்பி வருவது எல்லாம் சில மாதங்கள் நடக்கட்டும். அப்புறமும் இருவருக்கும் மனம் இருந்தால், மண்டபம், தவில், புகை, வீடியோ விளக்கு என்று அவரை வாட்ட வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் 1967-ல் கொண்டுவந்த சட்டத்திருத்தப்படி, இருவரும் இந்துக்களாக இருந்தால் புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். பெரிய கூட்டமும் ஊருக்கு அறிவிப்பும் தேவையில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பிறகு பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவரோடு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு, என்ன பேச்சு வரும் என்பதை அவரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.