ஸ்பீக்கர் ஸ்டாண்ட்: முதலில் உயரம், பிறகு மரமா இரும்பா

கேள்வி: இருவழி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி டிவி மேசையின் மேல் வைத்திருக்கிறேன். தனியாக ஸ்டாண்ட் செய்ய விரும்புகிறேன். எங்கள் ஊர் ஆசாரி ரப்பர் மரமே போதும் என்கிறார். மார்த்தாண்டத்து வெல்டிங் பட்டறையில் இரும்புதான் நிற்கும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், களியக்காவிளை

பதில்: இருவர் சொல்வதும் தவறல்ல, ஆனால் உயரத்தைத் தீர்மானித்த பிறகே பொருளைப் பற்றி யோசிக்க வேண்டும். நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் நாற்காலியில் இயல்பாக அமர்ந்துகொண்டு, தரையிலிருந்து உங்கள் காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது 90 முதல் 100 செ.மீ. வரை இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டரின் (உயர்ந்த சுருதிகளை எழுப்பும் சிறிய ஒலிப்பான்) நடுப்புள்ளி வரையுள்ள உயரத்தை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதே ஸ்டாண்டின் உயரம். காது 95 செ.மீ., ட்வீட்டர் 28 செ.மீ. என்றால் ஸ்டாண்ட், அதன் கால் திருகுகளையும் சேர்த்து, 67 செ.மீ. இருக்க வேண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 60 செ.மீ. ஸ்டாண்ட் எல்லா வீட்டுக்கும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

உயரத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை ட்வீட்டரும் வூஃபரும் (தாழ்ந்த சுருதிகளை எழுப்பும் பெரிய ஒலிப்பான்) சேர்ந்தே எழுப்புகின்றன என்று கொள்வோம். அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 14 செ.மீ. மட்டுமே. ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்த இரண்டிலிருந்தும் காதுக்கு வரும் தூரங்களுக்கிடையே, காது மிக மேலேயோ கீழேயோ போவதால், 7 செ.மீ. வேறுபாடு வந்துவிட்டால் இரு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். பாடகரின் குரலில் சொல் தெளிவைத் தரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் சற்று நகர்ந்து அமர்ந்தால் இந்தக் கேடு அவ்வளவாக நேர்வதில்லை.

இனி பொருளுக்கு வருவோம். 75 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 3 மி.மீ. கனத்தில், 65 செ.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 4.4 கிலோ வரும். வெறும் குழாயைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அந்த அதிர்வு இசையோடு கலக்கக் கூடாது என்பதற்காகவே உள்ளே மணல் நிரப்புகிறோம். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 3 கிலோவுக்கு மேல் மணல் சேரும், எடையும் கீழ்ப்பக்கமாகவே தங்கும். கடல் மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு குழாயை உள்ளிருந்து அரித்துவிடும். ஆற்று மணலோ சலித்த எம்-சாண்டோ, சட்டியில் வறுத்து ஈரம் முழுவதும் போக்கி, ஆறிய பிறகு நிரப்புங்கள். அடித்தகடு 6 மி.மீ. கனத்தில் 30 × 35 செ.மீ. அளவில் இருந்தால் அதுவே ஏறத்தாழ 5 கிலோ. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதற்குக் குறைவாகப் போகாதீர்கள்.

மரம் எந்த வகையிலும் இதற்குத் தாழ்ந்ததல்ல. 10 செ.மீ. சதுரத்தில் இழைத்த ரப்பர் மரத் தூண் ஒன்று, அதே நீளத்தில், அந்தக் குழாயின் எடைக்கு அருகில் வந்துவிடும். மணல் இல்லாமலே அதிர்வை இரும்பை விட விரைவாக அடக்கவும் செய்யும். ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் வண்டும் பூஞ்சையும் எளிதில் தாக்கும். போரான் மருந்து ஏற்றி நன்றாக உலர்த்திய பலகையா என்று மில்லில் கேட்டு உறுதி செய்துகொண்டே வாங்குங்கள். பழைய வீட்டில் கழற்றிய அயினியோ பலாவோ கிடைத்தால் அதற்கே என் முதல் வாக்கு. ஆண்டுக்கணக்கில் உலர்ந்துவிட்ட அந்த மரம் இனி எளிதில் முறுக்கிக்கொள்ளாது. கைதேர்ந்த ஆசாரி பக்கத்திலேயே இருக்கும்போது, நான் உங்கள் இடத்தில் இருந்தால் மரத்தையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: எம்.டி.எஃப். பலகையில் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) செய்த ஸ்டாண்ட் சாரல் காலத்தில் அடிப்பக்கம் ஊதிவிட்டது. டைல்ஸ் தரையில் கூர்முனைத் திருகு வைக்கலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: ஊதிய எம்.டி.எஃப். பழைய நிலைக்குத் திரும்பாது. அடிப்பலகையை மட்டுமாவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டாக மாற்றி, அறுத்த விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசிவிடுங்கள். நீர் முதலில் ஏறுவது விளிம்பு வழியாகத்தான். கூர்முனைகள் தடித்த கம்பளத்தைத் துளைத்து உறுதியான தரையில் ஊன்றுவதற்கானவை. டைல்ஸில் அவை கீறலையே உண்டாக்கும். ஏற்றி இறக்கக்கூடிய திருகில் ரப்பர் அடி பொருத்தினால், தரை சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் ஸ்டாண்ட் ஆடாமல் நிற்கும்.

கேள்வி: ஸ்டாண்டைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?
– வாசகர், சித்தூர், பாலக்காடு

பதில்: வூஃபரின் முகப்பு பின்சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 144 ஹெர்ட்ஸ் அளவில் நேர் ஒலியை எதிர்த்து அதை மெலியச் செய்யும். தூரம் கூடக் கூட அந்தப் பள்ளம் இன்னும் தாழ்ந்த சுருதிக்கு நகரும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நன்றாகக் கேட்கும் ஒரு பதிவை ஓடவிட்டு, ஸ்டாண்டைப் பத்துப் பத்து செ.மீ. ஆக நகர்த்திக் கேளுங்கள். நிறைவாகக் கேட்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டு, அதன் பிறகே ஒயரின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.