அதே முகம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பரிந்துரையின்பேரில் டேமியன் மெக்கார்த்தியின் ‘கேவியட்’, கேட் டோலனின் ‘யூ ஆர் நாட் மை மதர்’ ஆகிய அயர்லாந்துத் திகில் படங்களைப் பார்த்தேன். முதல் படத்தின் முயல் பொம்மை பயமுறுத்தியது. இரண்டாவதில் பேயே வரவில்லை. பணம் இல்லாததால்தான் இப்படி வீட்டுக்குள்ளேயே எடுக்கிறார்களா? நானும் குறைந்த செலவில் ஒரு திகில் படம் எடுக்கக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்து எதைப் பார்க்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முயல் பொம்மையை விட்டுவிடுவோம். பணம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மெக்கார்த்தி தன் நாயகனுக்குத் தோல் கச்சையையும் சங்கிலியையும் மாட்டி, வீட்டின் சில அறைகளுக்குள் அவன் போகவே முடியாது என்பதைக் கதையின் விதியாக்கிவிட்டார். அதைப் பற்றி இவ்வளவு போதும். என்னைக் கோபப்படுத்தியது ‘பேயே வரவில்லை’ என்று நீங்கள் எழுதிய வரி. மனச்சோர்வில் கிடந்த ஒரு தாய் காணாமல் போய், திரும்பி வந்து, திடீரென்று உற்சாகமாகச் சமைக்கிறாள், ஆடுகிறாள், மகளோ அவளைக் கண்டு நடுங்குகிறாள். இதற்குமேல் என்ன வேண்டும் உங்களுக்கு? வெள்ளை விழியோடு கூரையில் யாராவது தொங்கவேண்டுமா?

சில நாட்களாக நான் பிரிஜட் கிளியரி என்ற அயர்லாந்துப் பெண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. மேட்டுக்கோட்டைகள் எனப்படும் பழங்கால வட்ட மண்மேடுகளில் வாழும் ‘நல்லவர்கள்’ என்ற மாய இனத்தார் மனிதரைக் கவர்ந்து சென்று, அதே உருவத்தில் தங்களில் ஒருவரை விட்டுச்செல்வார்கள் என்பது அயர்லாந்து நாட்டார் நம்பிக்கை. (தாங்கள் யாருக்கு அஞ்சுகிறார்களோ அவர்களை நல்லவர்கள் என்றே அழைக்கும் வழக்கம் அங்கும் உண்டு.) டிப்பெரரி மாவட்டத்தின் பாலிவாட்லியில், தையல் இயந்திரமும் சொந்த வருமானமும் வைத்திருந்த பிரிஜட், 1895 மார்ச்சில் நோயில் படுத்தபோது, இவள் தன் மனைவி இல்லை என்று கணவன் மைக்கேல் முடிவுசெய்தான். உறவினர்கள் அவளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, பாலில் காய்ச்சிய மூலிகையை வாயில் புகட்டி, ‘நீ பிரிஜட்தானா?’ என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அவள் ஆம் என்றாள். பிறகு மைக்கேல் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயை ஊற்றி அவளை எரித்தான். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று கோட்டை மேட்டருகே காத்திருந்தான். 20 ஆண்டுத் தண்டனையில் 15 ஆண்டுகளைச் சிறையில் கழித்தான்.

இதில் பேய் எங்கே வந்தது, சொல்லுங்கள்? டோலனின் படம், ஒரு பாட்டி கைக்குழந்தையைச் சுற்றி நெருப்பு மூட்டுவதில் தொடங்குகிறது. அதைப் பார்த்தபோது எனக்குப் பாலிவாட்லியின் நெருப்புதான் நினைவுக்கு வந்தது. லீ க்ரோனினின் ‘தி ஹோல் இன் தி கிரவுண்ட்’ (2019) படத்தில் தாய் தன் மகனைச் சந்தேகிக்கிறாள்: சிலந்திக்குப் பயந்தவன் இப்போது சிலந்தியைத் தின்கிறான். இரண்டு படங்களிலும் முகம் மாறுவதில்லை, அதே நடிகர்தான் நடிக்கிறார். ஒப்பனைக்கு ஒரு காசு செலவில்லாத இந்தப் பேயை அந்த இயக்குநர்கள் சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். நம் வீட்டில் இருப்பவர் நம்மவர்தானா என்ற சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர்களுடைய மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

அடுத்து ஆஷ்லின் கிளார்க்கின் ‘தி டெவில்ஸ் டோர்வே’ (2018) பாருங்கள். ‘ஒழுக்கம் தவறியவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களைக் கன்னியாஸ்திரிகள் அடைத்துவைத்துச் சலவை வேலை வாங்கிய மக்தலேன் சலவை இல்லம் ஒன்றுக்குள் 1960இல் கேமராவோடு நுழையும் பாதிரியார்களின் கதை. அங்கே அடைத்துவைக்கப்பட்ட பெண்களை மட்டும் கவனித்தாலே போதும். உங்கள் கதையையும் அனுப்புங்கள், ஆர்வத்தோடு படிப்பேன். ஆனால் பேயின் தோற்றத்தை வருணிக்கும் பக்கங்களை நீக்கிவிட்டு, அந்த வீட்டில் யார் யாரைச் சந்தேகிக்கிறார் என்பதை முதலில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.